வகுப்பில் சொல்கிறார்கள், டெஸ்டில் மறக்கிறார்கள்

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நடத்தி முடித்ததும் எதைக் கேட்டாலும் பிள்ளைகள் டக்கென்று சொல்கிறார்கள். அடுத்த வாரம் டெஸ்ட் வைத்தால் பாதிப் பேர் வெறும் தாளை நீட்டுகிறார்கள். மூன்று முறை ரிவிஷன் செய்தும் இதே கதைதான். நான் நடத்துவது சரியில்லையா?

பதில்: நடத்துவதில் குறை இல்லை டீச்சர், முடித்த கையோடு கேட்கிறீர்களே, அங்கேதான் ஏமாறுகிறோம். போர்டில் படம் அப்படியே இருக்கும், புத்தகம் விரிந்திருக்கும், முதல் பெஞ்சில் நாலு பேர் 'மைட்டோகாண்ட்ரியா' என்று ஆரம்பித்தால் மற்றவர்கள் கடைசி இரண்டு எழுத்தில் சேர்ந்துகொள்வார்கள்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். படித்த பத்தியையே திரும்பப் படிப்பது ஒரு விதம், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுவது இன்னொரு விதம். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்ததுதான் முன்னே நின்றது: அதில் 81 சதவீதம் ஞாபகம் இருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ்: திரும்பப் படித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. உங்கள் மூன்று ரிவிஷனும் அந்தத் திரும்பப் படிக்கிற வகைதான் என்று நினைக்கிறேன்.

அதனால் பீரியடின் கடைசிப் பத்து நிமிஷம் புத்தகத்தை மூடச் சொல்லி, போர்டையும் அழித்துவிட்டு, ரஃப் நோட்டில் ஞாபகம் இருப்பதை எழுதவோ வரையவோ விடுங்கள். மார்க் போடவே போடாதீர்கள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பையும் அவர்களே பென்சிலால் திருத்தட்டும், இல்லாவிட்டால் தப்பே மனதில் தங்கிவிடும். என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், தாவர செல்லைச் சுற்றிக் கெட்டியாக ஒரு கோடு போட்டு, 'பேரு மறந்துடுச்சு, ஆனா செல்லு ஷேப் மாறாம இதுதான் பிடிச்சிருக்கும்' என்று எழுதியிருந்தான். செல் சுவர் என்ற சொல்தான் அவனிடம் இல்லை, விஷயம் முழுசாக இருந்தது. அத்தனை நாள் கோரஸில் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

வாயால் கேட்கும்போது, கேள்வியை முடித்து மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு ஒருவரைக் கூப்பிடுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறோம் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவு செய்து காட்டினார். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

திங்கட்கிழமை பாடம் தொடங்கும் முன் போன வாரத்திலிருந்து இரண்டு கேள்வி, போன மாசத்திலிருந்து ஒன்று, அவ்வளவு போதும். முதல் சில நாள் பக்கம் காலியாகத்தான் இருக்கும், பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், உங்களுக்கே மனசு விட்டுப்போகும். தயவுசெய்து அப்போது நிறுத்திவிடாதீர்கள்.