கார்டு பில் இரண்டு தடவை செலவாகிறது, அவ்வளவுதான்
சம்பளம் 40,000, செலவுக் கணக்கு எழுதும் ஆப் காட்டும் செலவு 46,000, ஆனால் வங்கியில் 6,000 மிச்சம் இருக்கிறது, எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஊதாரி இல்லை, பயப்படாதீர்கள். கிரெடிட் கார்டில் மளிகையும் பெட்ரோலும் வாங்கிய அன்றே அந்த 12,000 செலவாகப் பதிவாகிவிட்டது. அப்புறம் நீங்கள் கார்டு பில் கட்டியதும் வங்கியின் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஆப் அதையே இன்னொரு செலவாக எழுதிக்கொண்டது. பில் கட்டிய பதிவைத் திறந்து, வங்கிக் கணக்கிலிருந்து கார்டு கணக்குக்குப் போன 'டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றுங்கள்; அப்போது அது செலவில் சேராது. உங்களுடைய இன்னொரு கணக்குக்கு யுபிஐயில் அனுப்பும் பணத்துக்கும் இதேதான். இது தெரியாமல் நான் மூன்று மாதம் டீயைக் குறைத்துக்கொண்டிருந்தேன்! வருடத்துக்கு ஒருமுறை கட்டும் வண்டி இன்சூரன்ஸ் 6,000 ஒரே மாதத்தில் பட்ஜெட்டைத் தின்கிறது என்றீர்களே, அதற்கு மாதம் 500 என்று தனி வகை போட்டு, மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும்படி வைத்துவிடுங்கள்.