பி.ஏ. வரலாறு: எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றுவிட்டேன், பட்டம் வந்துவிடும் அல்லவா?

வந்துவிடும் என்று சொல்லத்தான் ஆசை. மூன்றாம் ஆண்டு படிப்பதாகவும், வரலாற்றுத் தாள் ஒன்றில்கூட அரியர் இல்லை என்றும், பட்டம் வாங்க வேறு ஏதாவது முடித்திருக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அரசுத் தேர்வுக்குத் தயாராவதாகவும் ஒரு வரி இருக்கிறது. அரசுக் கல்லூரி, தமிழ்வழி, வீட்டில் முதல் பட்டதாரி என்று நானாக ஊகித்துக்கொள்கிறேன். நான் அப்படி வந்தவள். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர முடியவில்லை.

தமிழ்நாட்டில் பி.ஏ. என்பது ஐந்து பகுதிகள். முதல் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாவது ஆங்கிலம். மூன்றாவதுதான் நாம் படிப்பதாக ஊரில் சொல்லிக்கொள்வது: இந்திய வரலாறு, தமிழ்நாட்டு வரலாறு, ஐரோப்பிய வரலாறு, வரலாற்று வரைவியல் (வரலாறு எழுதும் முறையைப் பற்றிய பாடம்), சார்புப் பாடமாகப் பொருளாதாரமோ அரசியல் அறிவியலோ. நான்காவதில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் பாடங்கள். ஐந்தாவது விரிவாக்கப் பணி, அதாவது என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்றவை. எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 140 கிரெடிட். இதில் ஒன்று குறைந்தாலும் பட்டம் இல்லை. 75 சதவீத வருகைப்பதிவு தனி. தேர்வில் 40 தேர்ச்சி மதிப்பெண் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் இன்டர்னலில் 25க்கு 25 வாங்கிவிட்டு, செமஸ்டர் தேர்வில் 75க்கு 30 எடுக்காமல் மாட்டிக்கொண்டவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள்.

(தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் “எங்களிடம் இப்படி இல்லை” என்று எழுத வருவீர்கள். தெரியும். பாடத்திட்டம் கல்லூரிக்குக் கல்லூரி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். நான் சொல்வது பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரியின் கதை.)

வேடிக்கை என்னவென்றால், முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று பார்க்கும்போது நான்காம், ஐந்தாம் பகுதிகளைச் சீண்ட மாட்டார்கள். பட்டத்தை நிறுத்தி வைக்கும்போது மட்டும் அவற்றுக்கு முழு அதிகாரம் வந்துவிடும். சுற்றுச்சூழல் தாளை “சும்மா எழுதினால் போதும்” என்று விட்டவர்கள் அதற்காகவே மறுபடி பணம் கட்டி எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளின் பின்னால் இருப்பது உச்ச நீதிமன்றத்தின் 1991ஆம் ஆண்டு உத்தரவு என்பதாவது வரலாறு படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் விஷயம் ஐந்தாம் பகுதி. வரைவியல் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான் (பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்). ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் வந்தபோது விரிவாக்கப் பணி என்ற வரிக்கு எதிரே ஒரு கோடு. என்.எஸ்.எஸ். 1969இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு. நான் இரண்டையும் முடித்தவள். முகாமில் குளத்தங்கரையில் சீமைக்கருவேலம் வெட்டிக் கை கிழிந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

கல்லூரி அலுவலகத்தில், “பட்டியலில் உன் பெயர் இல்லையேம்மா, இல்லாத பெயருக்கு நான் எப்படிக் கிரெடிட் போடச் சொல்வது?” என்றார்கள். பல்கலைக்கழகத்தில், “கல்லூரியிலிருந்து கடிதம் வரட்டும், பார்க்கலாம்” என்றார்கள். எங்களை முகாமுக்கு அழைத்துப்போன பேராசிரியர் மாறுதலில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் போன் செய்தேன். “பதிவேடு பீரோவில்தான் இருக்கும், நான் சொன்னேன் என்று சொல்லித் திறந்து பார்க்கச் சொல்லும்மா” என்றார். பீரோவைத் திறக்கவைப்பதற்குள் நான் பட்டது தனிக் கதை.

அந்தப் பதிவேடு நீளவாக்கில் மடித்த ஒரு பெரிய நோட்டு. மேலே டீ, பன் வாங்கிய ரசீதுகளைக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். ஊசி துருப்பிடித்துக் காகிதத்தில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. முகாம் நாள் ஒவ்வொன்றுக்கும் காலை, மாலை என்று என் கையெழுத்து, பச்சை மையில். அதற்கு இரண்டு வரி தள்ளி அதே பெயரில் இன்னொரு கையெழுத்து. எங்கள் வகுப்பில் என் பெயரில் இருவர் இருந்தோம், முதலெழுத்து மட்டும்தான் வேறு. பட்டியலைத் தட்டச்சு செய்தவர் ஒரே பெயர் இரண்டு முறை வந்துவிட்டது என்று நினைத்து ஒன்றை நீக்கிவிட்டிருக்கிறார். ஏடு பெயர்த்து எழுதுபவர் ஒரே மாதிரி வரும் இரண்டு வரிகளில் ஒன்றை விட்டுவிடுவார், அதைக் கண்டுபிடிக்க மூலத்தோடு ஒப்பிட வேண்டும் என்று வரைவியல் வகுப்பில் படித்தோமே, அதேதான். மூல ஆவணம் இல்லாமல் பேசாதே என்று ஜெர்மன் வரலாற்றாசிரியர் ரான்கேயைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியவள், அதை முதன்முதலில் செய்து பார்த்தது அந்த பீரோவின் முன்னால் நின்றுதான்.

பதிவேட்டின் நகல், கல்லூரி ஆண்டு மலரில் வந்த முகாம் புகைப்படம், இருவருடைய பதிவெண்கள் எல்லாம் வைத்து மனு எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள், திருத்திய பட்டியலும் வந்தது. ஆனால் அதற்குள் பி.எட். சேர்க்கை முடிந்திருந்தது. ஓர் ஆண்டு வீட்டில் இருந்தேன். தெருவில் எல்லோரிடமும் போய்ப் பதிவேட்டைக் காட்ட முடியுமா? “வரலாறுகூடப் பாஸ் ஆகவில்லையாம்” என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் “கூட”தான் இன்றுவரை எரிகிறது. கணிதத்தில் அரியர் வைத்தால் பாடம் கடினம். வரலாற்றில் வைத்தால் பிள்ளை மக்கு. இதை யார் விதித்தார்களோ.

அலுவலக ஊழியர்களைத் திட்ட இதை எழுதவில்லை. ஒருவர் மூன்று பேர் வேலையைப் பார்த்த இடம் அது. ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலையில் பெயர் எழுதத் தகுதிகளை அடுக்குகிறது: கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது. வாரியம் என்ற ஊர்க் குழுவில் பதவி வகித்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. அங்கே கணக்கைக் கொடுக்காதவருக்குத் தகுதி போனது. இங்கே கணக்கைக் கொடுக்காதது அலுவலகம், தகுதி போனது எனக்கு.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆறாவது செமஸ்டர் முடிவதற்குள் எல்லா மதிப்பெண் பட்டியல்களையும் எடுத்து வைத்துப் பகுதி பகுதியாகக் கிரெடிட் கூட்டிப் பாருங்கள். பாடத்திட்டத்தில் ப்ராஜெக்ட் இருந்தால் அது தனித் தாள், அதையும் சேருங்கள். விரிவாக்கப் பணிப் பட்டியலில் உங்கள் பெயரையும் பதிவெண்ணையும் கண்ணால் பாருங்கள். “போயிருக்கும், போயிருக்கும்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

அரசு வேலை என்று நீங்கள் சொன்னதால் இன்னொரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ்வழியில் படித்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும், அதற்குச் சான்றும் வேண்டும். திருத்தத்தின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை, நியாயமானதுதான். ஆனால் நான் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளி மூடப்பட்டுவிட்டது. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர், “உங்கள் பதிவேடு எங்களிடம் இல்லை, வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்” என்றார். அங்கே போனால், சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். மறுபடியும் ஒரு பீரோ! தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இணையதளத்தில் அந்தச் சான்றுக்கான படிவங்கள் இருக்கின்றன. பள்ளிக்குரியதைப் பள்ளியிலும் பட்டத்துக்குரியதைக் கல்லூரியிலும், டி.சி. வாங்குவதற்கு முன்பே, உங்களைத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கும்போதே கையொப்பம் வாங்கி வைத்துவிடுங்கள்.