மெல்லிய கம்பியில்லா மிடி கீபோர்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பையில் வைத்து எடுத்துச் செல்லத்தக்க மெல்லிய, கம்பியில்லா மிடி கீபோர்டில் (தானே ஒலிக்காமல், கணினியிலோ ஐபேடிலோ உள்ள இசைச் செயலியை ஒலிக்கச் செய்யும் கீபோர்டு) எதற்கு முதலிடம் தருவது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டைகளின் அளவுக்கே என்பேன். சிஎம்இ எக்ஸ்கீ ஏர் 25 ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் தடிமனே கொண்டதாயினும், அதன் கட்டைகள் பியானோவின் அகலத்தில் இருப்பதால் பழகிய விரல்கள் தடுமாறுவதில்லை. ஆனால் அவை ஆழமாக அழுந்துவதில்லை என்பதால், மென்மையாகவும் அழுத்தமாகவும் மாற்றி வாசிப்பதற்குச் சற்றுப் பழக்கம் வேண்டும். கோர்க் மைக்ரோகீ ஏரின் கட்டைகள் சிறியவை. அது இரண்டு ஏஏ பேட்டரிகளில் இயங்குகிறது, 61 கட்டைகள் வரை கிடைக்கிறது. கமகங்களை வாசிக்க விரும்புவோர் பிட்ச் பெண்ட் (சுருதியை வளைத்து ஏற்றி இறக்கும்) வசதி எப்படி அமைந்திருக்கிறது என்பதையும் அவசியம் பார்க்க வேண்டும்.

இவற்றின் கம்பியில்லா இணைப்பான புளூடூத் மிடி ஒலியை அனுப்புவதில்லை. எந்தக் கட்டை எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பது போன்ற தகவல்களை மட்டுமே அனுப்புகிறது. ஐபேடிலும் மேக்கிலும் இணைப்பு எளிது, விண்டோஸில் தனி டிரைவரோ செயலியோ தேவைப்படலாம். கம்பியில்லா ஹெட்போனை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அழுத்துவதற்கும் கேட்பதற்கும் இடையே உணரத்தக்க தாமதம் பெரும்பாலும் அதனால்தான் வருகிறது. ஒலிப்பதிவின்போது யூஎஸ்பி கேபிளால் இணைக்கும் வசதியும் இருக்கட்டும்.