நான்கு நாள் காய்ந்தும் நகம் பதிகிறதே: டொலுயீன் இன்னும் உள்ளேதான் இருக்கிறது

வணக்கம். பிஎம்எம்ஏவை (அக்ரிலிக் கண்ணாடி எனப்படும் பாலிமர்) டொலுயீன் என்ற கரைப்பானில் கரைத்துக் கண்ணாடியில் ஊற்றி, 200 மைக்ரான் படலத்தை நான்கு நாள் அறையிலேயே விட்டும் நகம் பதிகிறது, எடையும் குறையவில்லை என்கிறீர்கள். பாலிமர் தரம் குறைந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதலில் கரைப்பான் மேற்பரப்பிலிருந்து தாராளமாக ஆவியாகும். அதுவரை காற்றோட்டம்தான் ராஜா. கரைப்பான் குறையக் குறையப் படலத்தின் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை (அதற்குக் கீழே பாலிமர் கண்ணாடிபோல் இறுகும், மேலே இளகும்) ஏறிக்கொண்டே போகும். அது அறை வெப்பநிலையை நெருங்கியதும் பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அசைவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். மிச்ச டொலுயீன் அந்த நெரிசலுக்குள் ஊர்ந்துதான் வெளியே வரவேண்டும். எடை நின்றுவிட்டதாகத் தோன்றுவது அதனால்தான். காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தடிமனும் சும்மா விடாது: இரட்டிப்பானால் ஊர்ந்து வெளியேறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு.

சுத்தமான பிஎம்எம்ஏவுக்கு அந்தக் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை சுமார் 105 டிகிரி செல்சியஸ். கடைசியில் அதைத் தாண்டியே ஆகவேண்டும். ஆனால் எடுத்தவுடன் 120-இல் வைக்காதீர்கள். அவசரப்பட்டு நான் வைத்த தட்டு முழுக்கக் குமிழி! 60-இல் ஒரு நாள், 90-இல் சில மணிநேரம், பிறகு 115 என்று படிப்படியாக ஏற்றுங்கள். கடைசிப் படியை வெற்றிட அடுப்பில் வைத்தால் உத்தமம். டொலுயீன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், சமையல் அடுப்பு வேண்டவே வேண்டாம். 115-இல் எடை மாறாமல் நின்றால்தான் அந்த எடையை நம்புங்கள்.