மினி டிராக்டரில் சார்ஜர் பாயின்ட்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருப்பதால், உரம், பூச்சி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஐயா வணக்கம். என்னிடம் 27 ஹெச்பி மினி டிராக்டர் இருக்கிறது. கேபின் கிடையாது, தலைக்கு மேலே கூரையும் கிடையாது. காலை ஆறு மணிக்கு வயலில் இறங்கினால் மதியத்துக்குள் போன் செத்துவிடுகிறது, அடுத்த ஓட்டத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்கிறார்கள். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில், ஹெட்லைட் வயரிலிருந்து ஒரு இழுப்பு இழுத்து, காரில் இருக்கிற மாதிரி வட்ட சார்ஜர் சாக்கெட் வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?
(மன்னார்குடி வாசகர்)

வேண்டாம். வைத்தால் சார்ஜ் ஏறும், அதில் சந்தேகமில்லை, ஆனாலும் வேண்டாம். ஹெட்லைட் வயர் ஏற்கெனவே இரண்டு பல்பைச் சுமக்கிறது. ஒரு பல்ப் 35 வாட்ஸ் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 6 ஆம்பியர். அதன் தலையிலேயே சாக்கெட்டையும் ஏற்றினால் வயர், ஸ்விட்ச் இரண்டும் சூடாகும், ஒரு நாள் பியூஸ் போகும், அன்றைக்கு ராத்திரி டார்ச் வெளிச்சத்தில்தான் வீடு வந்து சேர வேண்டும். அதோடு, பட்டப்பகலில் போனுக்கு சார்ஜ் ஏற லைட்டைப் போட்டே வைத்திருக்க வேண்டும், பார்க்கிறவர்கள் எல்லாம் "அண்ணே, லைட் எரியுது" என்று கை காட்டிக்கொண்டே போவார்கள்.

நான் செய்தது இதைவிடப் பெரிய தப்பு. என் முதல் டிராக்டரில் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக ஒரு மெல்லிய வயரை எடுத்து, பானெட் ஓரமாகக் கொண்டுவந்து சாக்கெட்டில் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டேன். பியூஸ் போடவில்லை. நாலு மாதம் நன்றாகத்தான் ஓடியது. பானெட் கீல் பக்கத்தில் தகரத்தின் விளிம்பு அந்த வயரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒரு நாள் ரொட்டவேட்டர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. ஃபேன் பெல்ட்டாக இருக்கும் என்று இறங்கிப் பானெட்டைத் தூக்கினால், வயர் முழு நீளத்துக்கும் புகைகிறது, டேப்பின் பசை உருகி டைனமோ மேல் சொட்டுகிறது, அதற்கு ஒரு சாண் தள்ளி டீசல் ஹோஸ். ஸ்பேனரைத் தேடி எடுத்து டெர்மினலைக் கழற்றுவதற்குள், கூடவே போன கம்பெனி வயர்கள் மூன்றும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. சில ரூபாய் பியூஸ் ஒன்றைப் போட்டிருந்தால் அது மட்டும் போயிருக்கும்.

அதனால் முதலில் பியூஸைப் பற்றிப் பேசிவிடுவோம். செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கும் மேல் தள்ளக்கூடிய பேட்டரி அது. அந்த வேகம் ஒரு மெல்லிய வயர் வழியாக டிராக்டர் பாடிக்குப் பாய்ந்தால் வயர் ஹீட்டர் காயிலாக மாறிவிடும். பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற, போனைக் காப்பாற்ற இல்லை. பலபேர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் அழகாக ஒரு பியூஸை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பேட்டரிக்கும் அந்தப் பியூஸுக்கும் நடுவில் வயர் உரசினால் அது என்ன செய்யும்? பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும், மூடி போட்ட, தண்ணீர் போகாத பியூஸ் ஹோல்டராக இருக்க வேண்டும். 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயருக்கு 15 ஆம்பியர் போடலாம், 1.5 என்றால் 10 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போனுக்கு மட்டும் யூஎஸ்பி போதும் என்றால் 5 ஆம்பியர் பியூஸே தாராளம். இரண்டு போன் சாதாரண வேக சார்ஜில் ஏறினாலும் 12 வோல்ட் பக்கத்தில் பெரும்பாலும் 4 ஆம்பியரைத் தாண்டாது.

அடுத்தது ரிலே, அதாவது சின்ன கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைப் போட்டு அணைக்கிற ஸ்விட்ச். சாக்கெட்டை நேராகப் பேட்டரியில் கொடுத்தால் சாவியை எடுத்த பிறகும் அதில் கரன்ட் இருக்கும். சாவி ஸ்விட்சிலிருந்தே எடுத்தால் அந்தச் சின்ன ஸ்விட்ச் முழு லோடையும் தாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நாலு கால் ரிலே ஒன்றைப் போடுங்கள், ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் 12 வோல்ட் ஹாரன் ரிலே என்று கேட்டால் கொடுப்பார்கள். காலிலேயே எண் அச்சடித்திருக்கும். பியூஸ் வழியாக வரும் பேட்டரி வயர் 30-க்கு, சாக்கெட்டின் நடுமுனைக்குப் போவது 87-லிருந்து, 85 எர்த்துக்கு (பேட்டரி மைனஸோடு சேர்ந்த வண்டி பாடி), 86-க்கு சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு வயர். அந்த வயரை டெஸ்ட் லேம்ப் வைத்துக் கண்டுபிடியுங்கள், டீசல் மீட்டருக்குப் போவது பெரும்பாலும் சரியாக இருக்கும். ரிலேயைத் தூண்ட கால் ஆம்பியர்கூட வேண்டாம் என்பதால் மீட்டருக்கு ஒரு குறையும் வராது. ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டுங்கள், தண்ணீர் உள்ளே தங்காது.

எர்த் விஷயத்தில்தான் பாதி பேர் கோட்டை விடுகிறார்கள். பெயின்ட் அடித்த தகரத்தில் ஒரு போல்ட்டைப் போட்டு எர்த் என்று சொல்லிவிடுவது. பெயின்ட் கரன்ட்டை விடாது. துருப்பிடித்த இடமும் அப்படித்தான். என்னைக் கேட்டால் மைனஸுக்கும் தனியாக ஒரு வயரை பேட்டரி வரைக்கும் கொண்டுபோய்விடுவேன், இரண்டு மீட்டர் வயரில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்.

இணைப்புகளில் முறுக்கி டேப் சுற்றுவது டிராக்டர் அதிர்வுக்கு நிற்காது. வயர் முனையில் லக் என்கிற உலோக முனையை வைத்து, கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். தகரத்தைத் துளைத்து வயர் போகும் இடத்திலெல்லாம் ரப்பர் புஷ் கட்டாயம், மற்ற இடத்தில் வளையும் பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டு டேக் போட்டுக் கட்டுங்கள். சைலன்சர், ஸ்டியரிங் கம்பி, பானெட் கீல் மூன்றிலிருந்தும் தள்ளியே போகட்டும். வேலையைத் தொடங்கும்போது மைனஸ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள், முடிந்ததும் அதைக் கடைசியாக மாட்டுங்கள். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் பொறி பறக்கும், மைனஸ் ஏற்கெனவே கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

சாக்கெட் எந்த இடத்தில் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கூரையில்லாத வண்டிக்கு அதுதான் பெரிய கேள்வி. மழையை விடுங்கள், கேஜ் வீல் போட்டுத் தொளி அடிக்கும்போது சேறு எங்கெல்லாம் தெறிக்கிறது என்று ஒரு நாள் வேலை முடிந்ததும் கழுவாமல் பாருங்கள். மட்கார்டின் மேல்புறம், சீட் பக்கம் எல்லாம் அப்பியிருக்கும். டேஷ்போர்டின் அடிவிளிம்பில் ஒரு சின்ன 'எல்' பட்டையை வைத்து, சாக்கெட் வாய் சாய்வாகக் கீழே பார்க்கிற மாதிரி மாட்டினால் தண்ணீர் உள்ளே நிற்காமல் வடிந்துவிடும். ரப்பர் மூடி உள்ளதாகவே வாங்குங்கள். ஏறி இறங்கும் பக்கம் வேண்டாம், முழங்கால் இடித்தே உடைந்துபோகும். டேஷிலேயே ஓட்டை போடுவதானால் 28, 29 எம்எம் ஹோல்சா கேட்கும், வாங்கிய சாக்கெட்டை அளந்துவிட்டு டிரில்லைத் தொடுங்கள். பின்னால் என்ன இருக்கிறது என்றும் எட்டிப் பாருங்கள், சில மாடல்களில் டேஷுக்கு அந்தப் பக்கமே டீசல் டேங்க். பின்னால் நிற்கும் பாதுகாப்பு வளைவில் மட்டும் எக்காரணம் கொண்டும் துளை போடாதீர்கள். வண்டி கவிழ்ந்தால் அதன் எடையைத் தாங்கி உங்களைக் காப்பாற்ற வேண்டிய கம்பி அது. வேண்டுமானால் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள்.

யூஎஸ்பி சாக்கெட் வாங்கி நானே பேட்டரியில் கொடுத்தேன். நீல நிறத்தில் வோல்டேஜ் காட்டும், பார்க்க நன்றாக இருக்கிறது. பத்து நாள் வண்டி எடுக்கவில்லை, பதினோராவது நாள் செல்ஃப் "கட கட" என்கிறது, எடுக்கவில்லை. சாக்கெட்தான் காரணமா?
(கோபிசெட்டிபாளையம் வாசகர்)

அது மட்டும் காரணமாக இருக்காது. கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்த நீல விளக்கு 20 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-ஹவர், பத்து நாளைக்கு ஐந்து. உங்கள் பேட்டரி 50 ஆம்பியர்-ஹவர் என்றால் பத்தில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. நல்ல பேட்டரி அதற்கெல்லாம் படுக்காது. பேட்டரிக்கு வயதாகிவிட்டதா, டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா என்று பாருங்கள். அந்த நீல எண்ணே சொல்லும்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 பக்கம், என்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை. ஓடும்போதும் 12.5-லேயே நின்றால் டைனமோ பக்கம்தான் கோளாறு.

இன்னொன்று. ஸ்டாப்பர் நாபை இழுத்து என்ஜினை அணைக்கிற வண்டிகளில், என்ஜின் நின்றதும் சாவியை ஆனிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிற பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு. ரிலே போட்ட சாக்கெட்டும் அப்போது விழித்தேதான் இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய மைனஸ் வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். சாவி எடுத்த சாதாரண மினி டிராக்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். மீட்டர் அந்த நிலையில் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டரின் கதை அதோடு முடிந்தது.

முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயரை டிராக்டர் சாக்கெட்டிலேயே சார்ஜ் போடலாமா? இரண்டும் 12 வோல்ட்தானே?
(தேனி வாசகர்)

இரண்டும் 12 வோல்ட் என்பதுதான் ஏமாற்றும். ஸ்பிரேயருக்குள் இருப்பது லெட் ஆசிட் பேட்டரியா, லித்தியமா என்று முதலில் பாருங்கள். லித்தியம் என்றால் நேராகக் கொடுக்கவே கூடாது, அதற்கென்று உள்ள சார்ஜர் தவிர வேறெதுவும் ஆகாது. லெட் ஆசிட் 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு இரண்டு, இரண்டரை ஆம்பியருக்கு மேல் திணிக்கக் கூடாது, காலியான பேட்டரியை ஓடுகிற டிராக்டரில் நேராக முட்டவிட்டால் அதைவிட அதிகமாகவே இழுக்கும், சூடாகும், வயிறு ஊதும். நடுவில் 12 வோல்ட்டில் ஓடுகிற சார்ஜர் ஒன்று வாங்கிப் போட்டால் நிம்மதி. இல்லையென்றால் ராத்திரி வீட்டு பிளக்கிலேயே போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் மலிவு.

500 வாட்ஸ் இன்வெர்ட்டர் ஒன்றை இந்த சாக்கெட்டில் சொருகி, வயலிலேயே டிரில்லிங் மெஷின், கிரைண்டர் ஓட்டலாமா?
(செய்யாறு வாசகர்)

முடியாது. 500-ஐ 12-ஆல் வகுத்தால் 42 ஆம்பியர், இன்வெர்ட்டரின் சேதாரத்தோடு 45-ஐத் தாண்டும். சாக்கெட் தாங்குவது 10, மிஞ்சினால் 15. சிலவற்றில் 20 என்று அச்சடித்திருக்கும், நான் நம்புவதில்லை.

சார்ஜர் வைத்தாயிற்று. நின்ற இடத்தில் ஏறுகிறது, உழும்போது ஏறுவதும் நிற்பதுமாக இருக்கிறது. சார்ஜர் மட்டமா?
(திருமங்கலம் வாசகர்)

சார்ஜர் மேல் பழி போடாதீர்கள். அந்த வட்டத் துளை சிகரெட் பற்றவைக்கும் லைட்டருக்காக வந்தது, பிளக்கைப் பிடித்து வைப்பது அதன் வேலையே இல்லை. சொருகிய சார்ஜர் அதிர்வில் அரை நூல் பின்னுக்கு வந்தாலே தொடர்பு அறுந்துவிடும். அதை எடுத்துவிட்டு, வயரை நேராகப் பின்னால் கொடுக்கிற யூஎஸ்பி சாக்கெட்டாக மாட்டிவிடுங்கள். கேபிளையும் ஒரு டேக் போட்டுக் கட்டுங்கள், போன் ஆடினால் அதன் சார்ஜ் பின் தளர்ந்துவிடும். சித்திரை வெயிலில் டேஷ் மேல் போனை வைத்தால் மட்டும் நான் பொறுப்பில்லை. சூடு ஏறினதும் அது தானாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும், அதற்கு சாக்கெட்டைக் குடைந்து பயனில்லை. சீட்டுக்குக் கீழே நிழலில் ஒரு பழைய டிபன் டப்பாவை வைத்து, பக்கத்தில் ஓட்டை போட்டுக் கேபிளை உள்ளே விட்டிருக்கிறேன் நான், மூன்று வருஷமாக அதில்தான் என் போன் தூங்குகிறது.