வாஸ்ஸி படுகொலை: 1561ஆ, 1562ஆ?

பிரான்சின் வாஸ்ஸி ஊரில் நடந்த படுகொலைக்கு எந்த வருடத்தைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். 1562 மார்ச் 1 என்றே எழுதுங்கள். நீங்கள் பார்த்த பழைய ஆவணத்தில் உள்ள 1561உம் தப்பில்லை, இரண்டும் ஒரே நாள்தான்.

காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்: மன்னர் ஒன்பதாம் சார்லஸ் காலத்துத் தொடக்கத்தில் பிரான்சில் புத்தாண்டு ஈஸ்டரன்றுதான் பிறந்தது. 1562இல் ஈஸ்டர் மார்ச் 29. ஆக, கத்தோலிக்கரான கீஸ் பிரபுவின் ஆட்கள் வாஸ்ஸியில் ஒரு களஞ்சியத்தில் வழிபட்டுக்கொண்டிருந்த ஹூகனாட்டுகளை (பிரெஞ்சு புராட்டஸ்டண்டுகளை) வெட்டிச் சாய்த்தபோது, எழுத்தர்களுக்கு இன்னும் 1561 முடியவில்லை. ஹூகனாட்டுகள் நகரங்களுக்கு வெளியே கூடி வழிபட அனுமதி தந்த ஜனவரி அரசாணையிலும் இதே குழப்பம் வரும்.

சரிபார்க்க, தேதி ஜனவரி 1க்கும் அந்த வருட ஈஸ்டருக்கும் நடுவில் விழுகிறதா பாருங்கள். விழுந்தால் பழைய ஆவணத்தில் உள்ள வருடத்தோடு ஒன்றைக் கூட்டுங்கள். இந்தப் படுகொலையை அடுத்து மூண்ட போரில், டிசம்பர் 19 த்ரூ சண்டை எப்படிப் பார்த்தாலும் 1562தான், ஆனால் அந்தப் போரை முடித்த மார்ச் 19 அம்புவாஸ் ஒப்பந்தம் பழைய கணக்கில் 1562, நமக்கு 1563.

ஒன்று, இக்கால நூல்கள் பெரும்பாலும் ஏற்கெனவே திருத்தித்தான் போட்டிருக்கும், அதில் போய் இன்னொரு வருடம் கூட்டிவிடாதீர்கள். அப்புறம், 1582இல் நாட்காட்டியைத் திருத்தப் பத்து நாள் வெட்டியது வேறு கதை, அதை இதில் கலக்க வேண்டாம்.