வாசகர் கேள்விகள்: ‘டவுட்’ வந்தா எப்படிக் கேக்கறது?

கேள்வி: டவுட்டும் கொஸ்டினும் ஒண்ணுதானே? எங்க மேனேஜர் ‘ஐ ஹேவ் எ டவுட்’னு மெயில்ல எழுதாதேங்கறார், ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறார்.

பதில்: நான் சொல்றேன், ஏன்னா இதுல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்ட ஆளு நான். வேலைக்குச் சேந்த புதுசு, வெளிநாட்டு கிளையன்ட் ஒருத்தர் ரிப்போர்ட் அனுப்பியிருந்தார், மூணாவது பக்கத்துல ஒரு டேபிள், அதுல கடைசி வரி எனக்குப் புரியல, சரி கேட்டுருவோம்னு ‘ஐ ஹேவ் சம் டவுட்ஸ் அபௌட் யுவர் ரிப்போர்ட்’னு ஒரு மெயில் தட்டிட்டு சாப்பிடப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா நாலு பாராவுக்கு பதில், டேட்டா எங்கேர்ந்து எடுத்தார், யார் யார் செக் பண்ணாங்கன்னு அத்தனைக்கும் விளக்கம், கூடவே என் பாஸுக்கு ஒரு சிசி. மனுஷன் நான் அவரை நம்பலைன்னே முடிவு பண்ணிட்டார். நான் கேக்க வந்தது அந்த ஒரு வரிக்கு அர்த்தம், அவ்வளவுதான்.

என்ன ஆச்சுன்னா நம்ம ‘சந்தேகம்’ ரெண்டு வேலை பாக்குது. ‘கணக்குல ஒரு சந்தேகம் சார்’னா புரியல, சொல்லிக் குடுங்கன்னு அர்த்தம், ‘அவன் மேல சந்தேகம்’னா நம்பிக்கை இல்லன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல டவுட் முக்கியமா ரெண்டாவது வேலையத்தான் பாக்கும், மொதல் வேலைக்கு கொஸ்டின் இருக்கு. நமக்குள்ள பேசறப்போ டவுட்னு சொன்னா யாரும் தப்பா எடுத்துக்கப் போறதில்ல, நானும் அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். வெளிய போற மெயில்ல மட்டும் கொஸ்டின்னு எழுதிடுங்க.

இதுலயே இன்னொரு வில்லங்கம் சஸ்பெக்ட். ‘ஐ டவுட் ஹி டிட் இட்’னா அவன் செஞ்சிருக்க மாட்டான்னு நினைக்கிறேன். ‘ஐ சஸ்பெக்ட் ஹி டிட் இட்’னா அவன்தான் செஞ்சிருப்பான்! ரெண்டையும் தமிழ்ல ‘சந்தேகப்படறேன்’னு எழுதிட்டுப் போயிடலாம், ஆனா ஒருத்தன் தப்பிக்கிறான் இன்னொருத்தன் மாட்டறான்.

கேள்வி: ‘பை ஃப்ரைடே’ எப்போ, ‘அன்டில் ஃப்ரைடே’ எப்போ? எத்தனை தடவை படிச்சாலும் குழம்புது.

பதில்: கிராமர் புக்கை மூடி வைங்க, தமிழ்ல ஒரு தடவை சொல்லிப் பாருங்க. ‘வெள்ளிக்கிழமைக்குள்ள’ன்னு வாய்ல வந்தா பை, ‘வெள்ளிக்கிழமை வரைக்கும்’னு வந்தா அன்டில். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடுன்னா நடுவுல எந்த நாள் வேணா முடிக்கலாம், வெள்ளிக்கிழமை வரைக்கும் இருன்னா அதுவரைக்கும் நகரக்கூடாது. ஒரே ஒரு எச்சரிக்கை, ‘ரெண்டு நாளைக்குள்ள’ன்னு கால அளவா வந்தா அது பை இல்ல, வித்தின்.

கேக்காமலே இன்னொண்ணும் சொல்லிடறேன். ‘ரெண்டு வருஷமா’ன்னா ஃபார், ‘2020லேர்ந்து’ன்னா சின்ஸ். ‘சின்ஸ் டூ இயர்ஸ்’னு எழுதற நிறைய பேரு தமிழ்ல ‘ரெண்டு வருஷமா இங்க இருக்கேன்’னு சரியாத்தான் சொல்றாங்க, இங்கிலீஷ்னு வந்ததும் அந்த காதைக் கழட்டி வெச்சிடறாங்க.

கேள்வி: ‘ஃப்யூ’வுக்கும் ‘எ ஃப்யூ’வுக்கும் நடுவுல ஒரு குட்டி எழுத்துதானே வித்தியாசம், அதுல என்ன வந்துடப் போகுது?

பதில்: நம்ம ‘தான்’ செய்யற வேலைய அங்க அந்த குட்டி ‘எ’ செய்யுது, ஆனா தலைகீழா. ‘எ ஃப்யூ பீப்பிள் கேம்’னா கொஞ்சம் பேர் வந்தாங்க, சந்தோஷம். ‘ஃப்யூ பீப்பிள் கேம்’னா கொஞ்சம் பேருதான் வந்தாங்க, சலிப்பு. தமிழ்ல ‘தான்’ சேத்தா சலிப்பு வருது, இங்கிலீஷ்ல ‘எ’ எடுத்தா சலிப்பு வருது. லிட்டில், எ லிட்டிலும் இப்படித்தான்.

குட்டி எழுத்துன்னு சொன்னீங்களே, 1969ல நிலாவுல கால் வெச்ச நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கைக் கேட்டிருக்கணும். ‘ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் எ மேன்’னு சொல்ல நினைச்சேன்னு அவர் பின்னாடி சொன்னார், பூமியில எல்லார் காதுலயும் விழுந்தது ‘ஃபார் மேன்’. எ இருந்தா ஒரு ஆளு, எ இல்லாட்டி மனுஷ குலமே. அடுத்த பாதி மனுஷ குலத்தோட பெரிய பாய்ச்சலைப் பத்தி வேற வருது, அப்போ மனுஷ குலத்துக்கு சின்ன அடி, மனுஷ குலத்துக்கே பெரிய பாய்ச்சல்னு ஆயிடுது. அந்த எ அவர் வாய்ல வந்துச்சா, ரேடியோல காணாம போச்சான்னு ரெக்கார்டிங்கைப் போட்டுப் போட்டுக் கேட்டு பல வருஷம் சண்டை போட்டிருக்காங்க.

கேள்வி: ‘ஃப்ளேமபிள்’னா தீப்பிடிக்கும், அப்போ ‘இன்ஃப்ளேமபிள்’னா தீப்பிடிக்காதா?

பதில்: ஐயோ, பிடிக்கும்! ரெண்டுக்கும் ஒரே அர்த்தம். இன்கரெக்ட்ல வர்ற ‘இன்’னுக்கு ‘இல்லை’ன்னு அர்த்தம், இது வேற ‘இன்’, இதுவும் லத்தீன்லேர்ந்து வந்ததுதான், ஆனா ‘உள்ளே’ன்னு அர்த்தம், தீக்குள்ள போகுதுன்னு வெச்சுக்கோங்க. உங்களுக்கு வந்த குழப்பம் இங்கிலீஷ்காரங்களுக்கே வந்ததாலதான் 1920கள்ல அமெரிக்காவுல தீ பாதுகாப்பு ஆளுங்க ஃப்ளேமபிள்னே எழுதுங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. டேங்கர் லாரி பின்னாடி இலக்கண அழகு எதுக்கு, புரிஞ்சா போதும். பிடிக்காததுக்கு நான்ஃப்ளேமபிள்.

கேள்வி: ஸ்டேஷனரி, ஸ்டேஷனரி. ஒண்ணு பேப்பர் பேனா, இன்னொண்ணு அசையாம நிக்கறது. ஸ்பெல்லிங்ல எதுக்கு ஏ, எதுக்கு இ?

பதில்: என்வலப் இ-ல ஆரம்பிக்குது, பேப்பர் சமாச்சாரத்துக்கும் இ. ரெண்டும் சொந்தக்காரங்கதான், அந்தக் காலத்துல தெருத் தெருவா சுத்தி விக்காம ஒரே இடத்துல கடை போட்டு புக்கு வித்தவரைத்தான் ஸ்டேஷனர்னாங்க, அதாவது அசையாம உக்காந்த வியாபாரி.